கோத்தகிரியில் ஒரு குழந்தை, இரண்டு நாட்டுக் காகிதம்: எது அவசரம், எது காத்திருக்கும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் அப்பா வீட்டில் இருக்கும் ஒரு தாய், இந்தியக் குடிமகள். கணவர் மதுரைக்காரர். படிக்கப் போய், அங்கேயே வேலை பார்த்து, அமெரிக்கக் குடிமகனாகிவிட்டவர். இப்போது ஓ.சி.ஐ. அட்டையோடு (வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இங்கே வந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். குன்னூரில் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. நாத்தனார் தினமும் போன் போட்டு, "உடனே அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துடு, லேட்டானா உரிமை போயிடும்" என்கிறாராம். அப்பாவோ பேத்தி பெயரில் தபால் ஆபீஸில் செல்வமகள் கணக்கு தொடங்கி, தேயிலைத் தோட்டத்தில் ஐம்பது சென்ட்டும் எழுதி வைக்க வேண்டும் என்று நிற்கிறார். குழந்தைக்கு இரண்டு குடியுரிமையும் கிடைக்குமா, எதை முதலில் செய்வது, இதுதான் கேள்வி.

குன்னூரில் பல வருடமாக இந்த மாதிரிக் காகித வேலைகளில் குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நாத்தனார் அவசரம் என்று சொல்வது அவசரமில்லை. அப்பா சாதாரணமாகச் செய்ய நினைப்பதுதான் நின்று யோசிக்க வேண்டியது.

முதலில் குழந்தை இப்போது யார் என்று பார்ப்போம். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருந்தால் குழந்தை பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். நீங்கள் இந்தியர், கணவரிடம் ஓ.சி.ஐ. இருக்கிறது. ஆகவே இந்தியப் பக்கம் சந்தேகமே இல்லை. குழந்தை பிறந்த தேதியில் அவரிடம் இருந்த பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. இரண்டின் நகலையும் தனியாக எடுத்து வையுங்கள். அவர் இங்கே சட்டப்படிதான் இருந்தார் என்பதற்கு நாளைக்குக் காட்ட வேண்டிய சாட்சி அதுதான்.

அமெரிக்கப் பக்கம் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெற்றோர் முறையாகத் திருமணமானவர்கள், ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால், அந்த ஒருவர் குழந்தை பிறப்பதற்கு முன்பு மொத்தம் 5 ஆண்டுகளாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டுகளாவது 14 வயதுக்குப் பிறகு. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் உண்டு. குடிமகன் ஆன பிறகு இருந்த நாட்களை மட்டும் எண்ண வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மாணவர் விசாவில் படித்த காலம், எச்-1பி-யில் வேலை பார்த்த காலம் எல்லாமே சேரும். உடம்பு அந்த நாட்டில் இருந்ததா என்பதுதான் கேள்வி. உங்கள் கணவர் விஷயத்தில் 5 ஆண்டு எப்போதோ தாண்டியிருக்கும். ஆக, குழந்தை பிறந்த நிமிடத்திலேயே அமெரிக்கச் சட்டத்தின்படி அமெரிக்கக் குடிமகளும்தான்.

அப்படியானால் இரட்டைக் குடியுரிமை இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். அமெரிக்கா ஆட்சேபிக்காது. இந்தியா ஒப்புக்கொள்ளாது. அரசியல் சாசனத்தின் 9-வது பிரிவும், குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவும், தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்கின்றன. 2009-ஆம் ஆண்டு குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணை இன்னும் ஒரு படி மேலே போய், வேறு நாட்டு பாஸ்போர்ட் வாங்கியதையே அந்தக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்றாக வைத்துக்கொள்கிறது. பிறப்பாலேயே வந்த உரிமை கைக்குழந்தைக்கு எப்படி 'விரும்பி ஏற்றது' ஆகும் என்று வக்கீல்கள் வாதம் செய்யலாம். பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டரில் அந்த வாதம் செல்லாது. நடைமுறையில் ஒரு நேரத்தில் ஒரு பாஸ்போர்ட்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு நாள் விமான நிலையத்தில் மாட்டும். குழந்தையின் பெயரில் மாட்டும்.

சரி, இப்போது எது அவசரம்?

பிறப்புச் சான்றிதழ். அதைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். உங்கள் வேலை அதில் போடப்போகும் பெயரும் எழுத்துக்களும்தான். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதி, பிறந்த இடம் இரண்டுக்கும் பாஸ்போர்ட் ஆபீஸ் ஏற்கும் ஒரே ஆவணம் இந்தச் சான்றிதழ்தான். நம் காலத்தில் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தது போல இனி முடியாது. பெயர் போடாமலும் பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரைக்கும்கூடச் சேர்க்கலாம். ஆனால் ஒரு முறை ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதனால் பேர் சூட்டிய அன்று மாலையே ஓடாமல், ஒரு வாரம் உட்கார்ந்து யோசியுங்கள்.

யோசிக்க வேண்டியது இனிஷியல். தமிழ்நாட்டில் குழந்தை நிலா என்றால் சான்றிதழில் 'எஸ்.நிலா' என்று போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதச் சொல்வார்கள். அமெரிக்கப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒற்றை எழுத்தைப் போட்டால் குழந்தைக்குக் காலத்துக்கும் குடும்பப் பெயர் 'எஸ்' என்றே ஆகிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையின் அப்பா பெயர் செந்தில்குமார் என்று வையுங்கள். அவருடைய அமெரிக்க பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அவருடைய அப்பா முருகேசன் உட்கார்ந்திருப்பார். நம் வழக்கப்படி பெண் நிலா செந்தில்குமார். அங்கத்திய வழக்கப்படி நிலா முருகேசன். இரண்டும் சட்டப்படி சரிதான். அப்பாவுக்கும் மகளுக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பது குற்றமில்லை, விமான நிலையத்தில் ஒரு கேள்வி கூடுதலாக வரும், அவ்வளவுதான். தாத்தா பெயரா, அப்பா பெயரா என்று வீட்டில் பேசி முடிவெடுத்து, முழுதாக விரித்து, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டல் உட்பட அப்படியே பிறப்புச் சான்றிதழில் போடுங்கள். குழந்தைக்கு எடுக்கும் நீல நிற ஆதாரிலும் அதே எழுத்து. பெற்றோர் பெயர்கள் அவரவர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து. என்னிடம் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் சட்டச் சிக்கலே இல்லை, ஒரு 'எச்' கூடிப்போனதும் ஒரு 'ஏ' விட்டுப்போனதும்தான்.

இப்போது நாத்தனார் பேச்சுக்கு வருவோம். அமெரிக்க உரிமை தாமதத்தால் போகாது. தூதரகத்தில் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவு செய்து சான்று வாங்குவதற்குக் குழந்தைக்கு 18 வயது ஆகும் வரை நேரம் இருக்கிறது. அந்தச் சான்று புதிதாகக் குடியுரிமை கொடுப்பது இல்லை. பிறப்பிலேயே வந்ததை எழுதிக் கொடுப்பதுதான். அதனால் இந்த வருடம் வாங்கினாலும், ஏழாம் வகுப்பில் வாங்கினாலும் உரிமை ஒன்றுதான்.

காத்திருக்காதது ஒன்று மட்டும் உண்டு: ஆதாரம். கணவர் 5 ஆண்டு அங்கே இருந்ததைத் தூதரகத்தில் அவர்தான் நிரூபிக்க வேண்டும். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், கம்பெனி கொடுத்த வருடாந்திரச் சம்பளப் படிவங்கள், வரிக் கணக்கு நகல்கள், வந்து போன முத்திரைகள் உள்ள பழைய பாஸ்போர்ட்கள். இந்தியக் குடியுரிமையை விட்டபோது ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்த பழைய இந்திய பாஸ்போர்ட்டும் இதில் முக்கியம், ஏனென்றால் ஆரம்ப வருடங்களின் முத்திரை எல்லாம் அதில்தான் இருக்கும். அது மதுரை வீட்டுப் பீரோவில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். பழைய கம்பெனி மூடிப்போகும், பழைய இமெயில் கடவுச்சொல் மறந்துபோகும். 15 வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. ஆதாரத்தை இப்போது சேர்த்து ஒரு ஃபைலில் போடுங்கள், விண்ணப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திருமணப் பதிவுச் சான்றிதழும் அதே ஃபைலில் இருக்கட்டும்.

அப்படியானால் எப்போது அமெரிக்க பாஸ்போர்ட் எடுப்பது? அமெரிக்கா போகும்போது. அமெரிக்கக் குடிமகள் அந்த நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் அந்த நாட்டு பாஸ்போர்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அவர்கள் சட்டம். இந்திய பாஸ்போர்ட்டில் விசா வாங்கிக் கூட்டிப்போகலாம் என்று நினைத்தால் நடக்காது. நாத்தனாரைப் பார்க்க அடுத்த கோடையில் போவது உறுதி என்றால் வேலையை இப்போதே தொடங்குங்கள். உறுதி இல்லையென்றால், கோத்தகிரியில் தவழப்போகிற குழந்தைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் தேவையில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சரியாகத் தூங்காத இந்த மாதங்களில் தேவையில்லாத வேலையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. இடையில் சிங்கப்பூர், இலங்கை என்று எங்காவது போக வேண்டியிருந்தால் கோயம்புத்தூரில் இந்திய பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளலாம். நீலகிரி அந்த மண்டல அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டவர் என்பதால் குழந்தைக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று உறுதிமொழி கேட்பார்கள். அது உண்மையாக இருக்கும்போது மட்டுமே கையெழுத்துப் போடுங்கள்.

போவது என்று முடிவானால் வரிசை இப்படி. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் அன்றே கொடுத்துவிடலாம். குழந்தை நேரில் வந்தாக வேண்டும். 16 வயதுக்குக் கீழ் என்பதால் பெற்றோர் இருவருமே போவது நல்லது. ஒருவர் வரமுடியாவிட்டால் சம்மதக் கடிதம் முறைப்படி வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அந்தப் புது பாஸ்போர்ட்டில் இந்திய விசா எதுவும் இருக்காது. இங்கேயே பிறந்த குழந்தை, இந்தியாவுக்குள் 'நுழையவே' இல்லை. குடியேற்ற அதிகாரி கணக்கில் விசா இல்லாத ஒரு வெளிநாட்டவர் வெளியே போகிறார். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் விண்ணப்பித்து வெளியேறும் அனுமதியோ விசாவோ வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு இந்திய பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓ.சி.ஐ. இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். கையெழுத்துக் கட்டத்தில் குழந்தையின் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். அந்தக் குட்டி விரலை மையில் ஒற்றி, கோட்டைத் தாண்டாமல் பதிப்பதற்குள் வீடே திரண்டு வரவேண்டும். குழந்தை தூங்கும்போது வையுங்கள், முஷ்டியை மடக்காது.

பயணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பிக் காலையில் சென்ட்ரல் போய்விடும், கைக்குழந்தைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் காலையில் இறங்கி அன்றே தூதரகம் என்று வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்தால் ரயிலே தவறிப்போகும், அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 10-வது வார ஊசியும் 14-வது வார ஊசியும் முன்னால் இருக்கின்றன. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வரக்கூடும், அந்த இரண்டு நாளில் தேதி வாங்காதீர்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து மலை இறங்கும்போது குழந்தைக்குக் காது அடைத்து வலிக்கும். வண்டி இறங்கும் நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் மேட்டுப்பாளையத்திலேயே கழற்றிவிடுங்கள். போட்டோவுக்கும் குல்லா கூடாது, வெள்ளை விரிப்பில் படுக்க வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து எடுத்தால் போதும். மதுரைத் தாத்தா பாட்டி காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் போடச் சொல்லுங்கள், 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்குக் கேட்கிறார்கள். பேத்தியைப் பார்க்க வருகிறேன் என்பதெல்லாம் சோதனைச் சாவடியில் எடுபடாது.

இனி அப்பா விஷயம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

செல்வமகள் சேமிப்புக் கணக்கு இந்தியாவில் வசிக்கும் இந்தியப் பெண் குழந்தைக்கானது. இன்றைக்கு உங்கள் மகளுக்குத் தகுதி இருக்கிறது. அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்த பிறகு கிடையாது. குடியுரிமை மாறினால் தபால் ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். 2 வருடத்தில் அமெரிக்கா போகிற எண்ணம் இருந்தால் அந்தக் கணக்கே வேண்டாம், அம்மா பெயரிலேயே சேமிக்கலாம். இங்கேயே பள்ளிக்கூடம் என்று முடிவென்றால் தாராளமாகத் தொடங்குங்கள்.

தோட்டம் வேறு கதை. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிக்கும் ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் வாங்கக்கூடாது, தானமாகவும் பெறக்கூடாது. தேயிலை சந்தேகமில்லாமல் தோட்டம்தான். ஆனால் இந்தியாவில் இருப்பவரிடமிருந்து வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆகவே பேத்தி நாளைக்கு ஓ.சி.ஐ. ஆகி அங்கே குடிபோகலாம் என்கிற நிலையில், தான செட்டில்மென்ட் எழுதுவதைவிட உயில் எழுதுவது பாதுகாப்பு. இன்று அவள் இந்தியக் குடிமகள்தானே, இப்போதே செட்டில்மென்ட் பண்ணிவிட்டால் என்ன என்று அப்பா கேட்பார். பண்ணலாம். ஆனால் மைனர் பெயருக்குப் போன நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும். பச்சைத் தேயிலை விலை இருக்கிற இருப்பில், ஆத்திர அவசரத்துக்கு அந்த ஐம்பது சென்ட்டைத் தொட முடியாமல் 18 வருடம் பூட்டி வைப்பது சரியா என்று அவரே யோசிக்கட்டும். உயிலை நினைத்தபோது மாற்றி எழுதலாம், அவர் உயிரோடு இருக்கும்வரை தோட்டம் அவருடையதே.

அவரிடம் இதைப் பேசும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். நம் மலையில் குடியுரிமைக் காகிதம் என்றால் பெரியவர்கள் முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. 1964-இல் இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபின், கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டோடு கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் வந்து அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் லயன் வீடுகளில் இறங்கிய குடும்பங்களை அவர் பார்த்து வளர்ந்தவராக இருப்பார். 1948-இல் இலங்கையில் ஒரு சட்டம் வந்து, பிறந்த ஊரிலேயே நாடில்லாதவர்களாகிப் போனவர்கள் அவர்கள். பேத்திக்கு ஒரு நாட்டுக் குடியுரிமை 'போகும்' என்று கேட்டால் அவருக்கு அந்த ஞாபகம்தான் வரும். ஓ.சி.ஐ. வாங்கினால் அவள் ஆயுசுக்கும் விசா இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம், படிக்கலாம் என்று சொல்லுங்கள்.

படிப்பு என்றதும் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஓ.சி.ஐ. வாங்கியவர்கள் நீட் போன்ற தேர்வுகளில் வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. இங்கேயே மருத்துவம் படிக்க வைக்கும் கனவு இருந்தால் அமெரிக்க பாஸ்போர்ட்டைத் தள்ளிப்போட இதுவும் ஒரு காரணம். இரண்டு மாதக் குழந்தைக்கு நீட் கணக்குப் போடுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் சில வீடுகளில் தொட்டில் கட்டும்போதே கேட்டுவிடுகிறார்கள்.

உங்கள் தோழி ஒருவர் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள், குழந்தை அமெரிக்காவில் பிறந்தது, இப்போது ஊட்டியில் பாட்டி வீட்டில். அங்கே கடிகாரம் தலைகீழ். அமெரிக்கப் பக்கம் அவசரமே இல்லை. வம்சாவளி மூலம் இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் 4-வது பிரிவுப்படி, வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழியோடு, பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். குழந்தை அமெரிக்க பாஸ்போர்ட்டில்தானே வந்து இறங்கியிருக்கிறது, அதனால் அவர்களுக்கு ஓ.சி.ஐ. தான் வழி. குழந்தைகளின் அமெரிக்க பாஸ்போர்ட் 5 வருடத்துக்குத்தான். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் புது பாஸ்போர்ட் நகலையும் போட்டோவையும் ஓ.சி.ஐ. தளத்தில் ஏற்றிவிடச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அட்டையையே புதிதாக எடுப்பது 20 வயது முடிந்தபின் வாங்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒரே ஒரு முறைதான். ஒவ்வொரு தடவையும் புது அட்டை எடுக்க வேண்டும் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு இதைச் சொன்னால் போதும்.